டர்பனில் சிவில் பார்ட்னர்ஷிப்: பதிவு ஒரு வேலை, விசா இன்னொரு வேலை

கேள்வி இதுதான். கேட்டவர் திருநெல்வேலிக்காரர், இந்தியப் பாஸ்போர்ட், துபாயில் கம்ப்யூட்டர் வேலை. துணைவர் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தென்னாப்பிரிக்கக் குடிமகன். இருவரும் ஆண்கள். பழகி 3 வருஷம் ஆகிறது, ஒரே வீட்டில் இருந்தது 8 மாதம். டர்பனில் சிவில் பார்ட்னர்ஷிப் பதிவு செய்துகொண்டு அங்கேயே குடியேற வேண்டும். எந்த விசாவில் வருவது, வேலை செய்யலாமா, பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) எப்போது கிடைக்கும், நம் ஊரில், அதாவது இந்தியாவில், இது செல்லுமா?

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழ் விசா ஆகாது. ஹோம் அஃபேர்ஸில் (இங்குள்ள உள்துறை அலுவலகம்) கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது உங்கள் உறவு சட்டப்படி உறுதியாகியிருக்கும்; நீங்கள் நாட்டில் தங்கும் உரிமை முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். அந்த உரிமைக்குத் தனியாக மனுப் போட வேண்டும், தனியாகச் சான்று காட்ட வேண்டும். இதை ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் கடைசியில் மாட்டுகிறார்கள்.

பெயர் விஷயத்தைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் 2006-ஆம் ஆண்டு சிவில் யூனியன் சட்டம் ஒரே பதிவுக்கு இரண்டு பெயர் தருகிறது. பதிவு செய்யும் அதிகாரி உங்களைக் கேட்டாக வேண்டும்: இதைத் திருமணம் என்று எழுதவா, சிவில் பார்ட்னர்ஷிப் என்று எழுதவா? நீங்கள் சொல்வதுதான் சான்றிதழில் வரும். உள்நாட்டில் இரண்டுக்கும் உரிமைகள் ஒன்றே: சொத்து, வாரிசு, விசா எதிலும் வித்தியாசம் இல்லை. ஆணும் பெண்ணும்கூட இதே சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வேறு திருமணம் நடப்பில் இருக்கக் கூடாது. இருவருமே வெளிநாட்டவராக இருந்தாலும் தடை இல்லை.

அப்படியானால் எந்தப் பெயரை எடுப்பது? சொந்தக் கொள்கைக் காரணம் இருந்தாலொழிய திருமணம் என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. நாளைக்கு நீங்கள் இருவரும் மூன்றாவது நாட்டுக்குப் போக நேர்ந்தால், அங்கே அந்தப் பெயரை வைத்துத்தான் எடை போடுவார்கள். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ரீயூனியன் தீவு பிரான்ஸின் பகுதி. அங்கே 1999-இலிருந்து பாக்ஸ் என்ற துணைவர் ஒப்பந்தம் உண்டு, 2013-இலிருந்து ஒரே பாலினத் திருமணமும் உண்டு. பிரெஞ்சுக் குடிமகனைத் திருமணம் செய்த வெளிநாட்டவர் துணைவர் என்ற முறையில் நீண்டகால விசாவுக்குப் போகலாம், 4 வருஷத்துக்குப் பிறகு அறிவிப்பு முறையில் குடியுரிமையும் கேட்கலாம். பாக்ஸ் போட்டவருக்கு அந்த இரண்டும் தானாகக் கிடைக்காது. தங்கும் அனுமதிக்கு அவர் மனுவில் பாக்ஸ் ஒரு சான்று, அவ்வளவுதான். மொரீஷியஸில் எந்தப் பெயரும் உதவாது. 2023 அக்டோபரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய பழைய பிரிவை ரத்து செய்தது உண்மைதான், ஆனால் திருமணமாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ அரசு பதிவு செய்வதில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஒரே பாலினத் துணைக்குக் கிடைத்த முதல் பெரிய அங்கீகாரங்களில் ஒன்று குடிநுழைவுச் சட்டம் வழியாக வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1999 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம், திருமணமான துணைக்கு மட்டும் வசிப்புரிமையில் சலுகை தந்த பழைய சட்டத்தில் நிரந்தர ஒரே பாலினத் துணையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. திருமண உரிமைக்கான தீர்ப்பு வந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து, 2005 டிசம்பரில்தான். இன்னும் பின்னால் போனால் நம் கதையே வரும். 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணம் இங்கே செல்லாது என்றார். இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய ஒரு மனைவியை உள்ளே விடலாமா என்பதுதான் அந்த வழக்கு. அந்தக் கோபத்தில்தான் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள், தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனார். 1953-இல் மறுபடியும் சட்டம் போட்டு இந்தியாவிலிருந்து மனைவியர் வருவதைத் தடுத்தார்கள். துணையை நாட்டுக்குள் கூட்டி வருவது இங்குள்ள தமிழருக்கு நூறு வருஷத்துக்கு மேலான பிரச்சினை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

திருமணத்துக்காக வருகிறேன் என்று கேட்டு வாங்க இங்கே தனி விசா கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்காரர் சாதாரண விசிட்டர் விசாவில் வந்துதான் பதிவு செய்துகொள்ள வேண்டும். விசா விண்ணப்பத்திலும் விமான நிலையத்திலும் காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சுற்றிப் பார்க்க வந்தேன் என்று எழுதிவிட்டு அடுத்த வாரமே திருமணப் பதிவுக்கு நின்றால், பின்னால் ஒவ்வொரு மனுவிலும் அந்தப் பொய் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும்.

பதிவு செய்யாமலே துணைவர் என்று விசா கேட்கவும் வழி உண்டு. குடிநுழைவுச் சட்டத்தில் துணை என்ற சொல்லுக்குள் திருமணம் ஆனவர் மட்டுமல்ல, சேர்ந்து வாழ்ந்து ஒருவரை ஒருவர் தாங்கும் நிரந்தர உறவில் இருப்பவரும் வருகிறார், ஆணோ பெண்ணோ. ஆனால் 2014-இன் விதிகளின்படி அந்த உறவு மனுவுக்கு முன் 2 வருஷமாவது இருந்திருக்க வேண்டும், நோட்டரி முன் போட்ட ஒப்பந்தம் வேண்டும், சேர்ந்து குடியிருந்ததற்கும் செலவைப் பகிர்ந்துகொண்டதற்கும் காகிதம் வேண்டும். உங்களுக்கு 8 மாதம்தான். அதுவும் துபாயில், வீட்டு ஒப்பந்தம் ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே இந்த வழி உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. பதிவு செய்துகொண்டு வருவதுதான் நேர்.

பதிவு ஆன பிறகு நீங்கள் கேட்க வேண்டியது குடிநுழைவுச் சட்டத்தின் பிரிவு 11(6)-இன் கீழ் வரும் துணைவர் விசா. குடிமகனுக்கோ பி.ஆர். வைத்திருப்பவருக்கோ துணையாக இருப்பவருக்கானது. பெயர் விசிட்டர் விசாதான், ஆனால் வருஷக்கணக்கில் தருவார்கள், அதிகபட்சம் 3. இதை வாங்க நாட்டை விட்டுப் போக வேண்டுமா என்பதுதான் பெரிய சண்டையாக இருந்தது. 2014 விதிகள் விசிட்டர் விசாவில் வந்தவர் உள்ளிருந்தே வேறு விசாவுக்கு மாற முடியாது என்று கதவைச் சாத்தின. 2019 ஜூனில் நந்துட்டு வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், குடிமக்கள் அல்லது பி.ஆர். வைத்திருப்பவர்களின் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தத் தடை செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே டர்பனில் இருந்தபடியே மனுச் செய்யலாம். ஆனால் நாள் கணக்கு இடிக்கும். உள்ளிருந்து மனுச் செய்கிறவர் கையில் உள்ள விசா முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்னால் செய்ய வேண்டும் என்பது பொது விதி. 90 நாள் விசாவில் வந்தால், வந்த முதல் மாதத்திலேயே பதிவும் முடிய வேண்டும், சான்றிதழும் கைக்கு வர வேண்டும், மனுவும் போக வேண்டும். பல பேரால் முடிவதில்லை. அதனால் நான் சொல்லும் யோசனை: ஒரு முறை வந்து பதிவு செய்துகொள்ளுங்கள், திரும்பிப் போங்கள், துபாயில் இருந்தபடி நிதானமாக 11(6)-க்கு மனுச் செய்யுங்கள், விசா கையில் வந்ததும் மூட்டை கட்டுங்கள். பிரிந்திருக்கும் மாதங்கள் கஷ்டம்தான். ஆனால் விசா காலம் தாண்டி இங்கே உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டம்: 30 நாள் வரை தாண்டினால் 12 மாதம் நாட்டுக்குள் வர முடியாது, அதற்கு மேல் போனால் 5 வருஷம்.

வேலையைப் பற்றி. 11(6) விசா தானாக வேலை உரிமை தராது. வேலை, படிப்பு, தொழில் எதுவானாலும் அதற்கென்று விண்ணப்பித்து விசாவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலை என்றால் முதலாளி தரும் வேலைக் கடிதம் வேண்டும், அனுமதி அந்த வேலைக்குத்தான். கம்பெனி மாறினால் மறுபடியும் மனு. நீங்கள் கம்ப்யூட்டர் துறை என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் படிப்பும் அனுபவமும் கிரிட்டிகல் ஸ்கில்ஸ் (நாட்டுக்கு அவசியம் தேவைப்படும் திறமைகள்) பட்டியலில் வந்தால், அந்த வேலை விசாவில் உங்கள் சொந்தக் காலில் நிற்கலாம். துணைவர் விசா உறவு நல்லபடியாக இருக்கும் வரைதான் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தால் வீடு மட்டுமல்ல, வேலையும் நாட்டில் இருக்கும் உரிமையும் சேர்ந்தே போகும். உங்கள் இருவரையும் சந்தேகித்துச் சொல்லவில்லை. ஒருவர் கையில் மற்றவரின் விசா இருக்கும் வீட்டில் சின்னச் சண்டைகூடச் சமமாக நடப்பதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேர்மாறான நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி. துணைவர் குடிமகனாக இல்லாமல் வேலை விசாவில் இருக்கும் இந்தியராக இருந்தால் 11(6) கிடையாது. கூட வரும் துணை என்று அவர் விசா காலம் வரை தங்கலாம், வேலை செய்ய முடியாது.

இனி பதிவு நாள். முதலில் காகிதம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட், உங்கள் துணைவரின் அடையாள அட்டை, முந்தைய திருமணம் இருந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு, அப்புறம் நீங்கள் மணமாகாதவர் என்பதற்கான சான்று. இந்தச் சான்றில்தான் நம் ஊர்க்காரர்கள் திணறுவார்கள். இந்தியாவில் நோட்டரி முன் போட்ட பிரமாணப் பத்திரத்தை மாநில அரசு மேலொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி போடும் அத்தாட்சி முத்திரை) என்று வரிசையாக முத்திரை வாங்கிக்கொண்டு வருவது வழக்கம். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் அது இங்கே செல்லும். வாசகத்தில் ‘நான் இதுவரை மணமாகாதவன், எனக்குத் திருமணத் தடை ஏதும் இல்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரை என்று எழுதப் போய், ஊரில் உள்ள ஒரு குமாஸ்தாவுக்கு உங்கள் கதையைச் சொல்ல வேண்டாம்.

துபாயிலும் அதே ஜாக்கிரதை. அங்கே ஒரே பாலின உறவு சட்டப்படி ஆபத்து. நண்பர்களிடம் ‘இவர்கள் தம்பதி’ என்று சாட்சிக் கடிதம் எழுதி வாங்கி அங்கேயே அத்தாட்சி பெறும் வேலையெல்லாம் வேண்டாம். அதை டர்பனில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எந்தப் போலீஸ் நிலையத்திலும் கவுண்டரில் இருக்கும் அதிகாரி பிரமாணப் பத்திரத்துக்கும் நகல்களுக்கும் காசில்லாமல் முத்திரை குத்தித் தருவார். கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை, ஐந்து நிமிஷ வேலை.

வெளிநாட்டவர் ஒருவர் இருந்தால் பதிவுக்கு முன் குடிநுழைவு அதிகாரி ஒருவர் உங்களைப் பேட்டி எடுப்பார். இதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு இங்கே பல பெண்கள் அடையாள அட்டை வாங்கப் போன இடத்தில், தங்களுக்கே தெரியாமல் யாரோ ஒரு வெளிநாட்டவருக்கு மனைவியாகப் பதிவாகியிருப்பதைக் கண்டார்கள். அதனால் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். எப்படிச் சந்தித்தீர்கள், வீட்டு வாடகை யார் கொடுக்கிறார், அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், இந்த மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு ஜோடியிடம் மாமியார் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். பையன் முழித்தான், வாய்க்கு வாய் ‘ஆண்ட்டி’ என்றே கூப்பிட்டுப் பழகியிருக்கிறான். வேறு கேள்விக்கெல்லாம் பதில் பொருந்தியதால் அதிகாரி சிரித்துவிட்டு விட்டார். ஒத்திகை பார்த்துப் போகாதீர்கள், இருவர் பதிலும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால்தான் சந்தேகம் வரும். குடும்பத்தார் முழுப் பெயர், பிறந்த நாள் இவற்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்பு சிவில் யூனியன் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மனசாட்சிக் காரணம் சொல்லி ஒரே பாலின ஜோடிக்குப் பதிவு செய்ய மறுக்க அரசு அதிகாரிக்கு இடம் தந்தது. அதை 2020-இல் நீக்கிவிட்டார்கள். ஆகவே சாட்ஸ்வொர்த்திலோ உம்கெனி சாலையிலோ உள்ள ஹோம் அஃபேர்ஸ் அலுவலகத்தில் ‘இங்கே அது செய்வதில்லை’ என்று யாராவது சொன்னால், மேலதிகாரியைக் கேளுங்கள். முன்னதாகவே நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. அன்று இருவரும் நேரில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும்.

பதிவுக்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள்: சொத்து ஒப்பந்தம், இங்கே ஏ.என்.சி. என்பார்கள். எதுவும் செய்யாவிட்டால் இந்நாட்டுச் சட்டப்படி இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். போதாக்குறைக்கு, தம்பதி வெவ்வேறு நாட்டவரானால் கணவனின் நிரந்தர இருப்பிடச் சட்டம் பொருந்தும் என்பது இங்குள்ள பழைய விதி. இரண்டு பேரும் கணவர் என்றால் யாருடைய நாடு? வக்கீல்களுக்குள் விவாதிக்கட்டும். நீங்கள் பதிவுக்கு முன்பே நோட்டரியிடம் போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். 3 மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். நம் மாகாணத்துக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது, நோட்டரியே பார்த்துக்கொள்வார்.

ஆண்-பெண் ஜோடிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. கோயிலில் தாலி கட்டியது மட்டும் இந்தச் சட்டத்தின் முன் திருமணம் ஆகாது. ஐயர் அரசு நியமித்த திருமண அதிகாரியாகவும் இருந்து பதிவு செய்தால்தான் கணக்கு. கோவிந்தர்-ராகவய்யா வழக்கில் டர்பன் உயர் நீதிமன்றம், பதிவில்லாத இந்துத் திருமணத்து விதவையை வாரிசுரிமைக்கு மட்டும் துணைவியாக ஏற்றது. அந்தத் தயவு வாரிசுரிமையோடு சரி. விசாக் கவுண்டரில் அதை நம்பிப் போக வேண்டாம்.

பதிவு அன்று கையில் தருவது சின்னச் சான்றிதழ். விசாவுக்கு முழு விவரச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அன்றே அதற்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு வாருங்கள். மற்றபடி மனுவோடு போலீஸ் சான்று, 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து. எந்தெந்த நாட்டிலிருந்து என்பதை மனுப் போடும்போது உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவச் சான்றும் வேண்டும். போலீஸ், மருத்துவச் சான்றுகள் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால் இவற்றைக் கடைசியில் எடுங்கள். உறவுக்குச் சான்று என்றால் எல்லோரும் கல்யாணப் போட்டோ ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதிகாரி அதைப் புரட்டிப் பார்ப்பதோடு சரி. மாதாமாதம் ஒருவர் மற்றவருக்கு அனுப்பிய பணம், சேர்ந்து எடுத்த விமானச் சீட்டு, மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீடு) துணைவராகப் பெயர் சேர்த்த கடிதம், மின்கட்டணம் வரும் முகவரி, இவைதான் எடுபடும். இன்றிலிருந்தே ஒரு ஃபைல் போட்டுச் சேர்த்து வையுங்கள்.

பி.ஆர்.-க்குப் பிரிவு 26(b): துணைவராக 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும், உறவு உயிரோடு இருக்க வேண்டும். தகுதி வந்த 3 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 11(6) கட்டளையிடுகிறது, தள்ளிப் போடாதீர்கள். பி.ஆர். வந்த பிறகும் 2 வருஷத்துக்குள் பிரிந்தால் அது காலாவதியாகும். துணைவர் இறந்துபோனால் மட்டும் விலக்கு. பிள்ளை இருந்தால் கதை கொஞ்சம் மாறும்: குடிமகனான பிள்ளையின் வெளிநாட்டுப் பெற்றோரை, உறவு முறிந்தது என்பதற்காகவே வேலையை விட்டுவிட்டு வெளியேறச் சொல்லக் கூடாது என்று 2023 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குடியுரிமைக்கு அவசரப்பட வேண்டாம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை விட வேண்டும். வசிக்கவும் வேலை செய்யவும் பி.ஆர். போதும்.

கடைசியாக நம் ஊர். இந்தியாவில் 2018-இல் ஒரே பாலின உறவு குற்றமில்லை என்றானது, ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே டர்பன் சான்றிதழை வைத்துத் துணைவர் என்ற முறையில் அவருக்கு ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரின் துணைவருக்கும் இந்தியா தரும் அட்டை) கேட்டுப் பயனில்லை. ஆனால் அவர் சாட்ஸ்வொர்த்துத் தமிழர். ஓ.சி.ஐ. வம்சாவளியில் கொள்ளுப்பேரன் வரை கிடைக்கும்: கொள்ளுத்தாத்தாவோ கொள்ளுப்பாட்டியோ 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடியுரிமைக்குத் தகுதி உள்ளவராக இருந்திருந்தால் போதும். அவர் தனக்காகத் தானே விண்ணப்பிக்கலாம், உங்கள் உறவைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் தலைமுறை விடாமல் வேண்டும். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் கப்பல் பட்டியலில் ஆளுக்கொரு எண், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் இருக்கிறது. அந்த எண் அவர் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கு எழுத்து மாறிக் கிடக்கும் பெயர்களைச் சரிசெய்யத்தான் அதிக நாள் பிடிக்கும்.